முகம் வைத்த சுவர்

மெக்சிகோவில் கபா என்ற பழைய நகரத்தில் காரை விட்டு இறங்கியதும் அப்பா நேராகப் போனது, புல்தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்த கற்களைப் பார்க்க. கொஞ்சம் தள்ளி, நான் பல வருஷம் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய சுவர் நின்றுகொண்டிருந்தது. அடியிலிருந்து உச்சிவரை முகங்கள். முகத்துக்குப் பக்கத்தில் முகம், முகத்துக்கு மேல் முகம். நான் அதைப் பார்த்தபடி வாயடைத்து நிற்க, அவர் கீழே கிடந்த ஒரு கண்ணுக்கு முன்னால் குனிந்துவிட்டார்.

கண் என்றால் கல்லில் வெட்டிய கண். ஒரு சட்டத்துக்குள் உருண்டையாகப் புடைத்து நிற்கும் விழி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கண், அப்புறம் புருவங்கள், பல்வரிசைகள், காதணிகள், உடைந்த மூக்குத் துண்டுகள். சுவரிலிருந்து என்றோ விழுந்து, எந்த முகத்துடையது என்று இன்னும் தெரியாததால் ஜாதி ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அப்பா நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். கையாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாக வேலையை விட்டவர். தொடக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்ததால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"பாப்பா, இங்க வா. இதோட பின்பக்கத்தைப் பாரு. முன்னாடி மட்டும்தான் வேலை செஞ்சிருக்காங்க. பின்னாடி வால் மாதிரி நீளமா விட்டிருக்காங்க, உள்ள சொருகறதுக்கு."

"உள்ளன்னா எங்கப்பா?"

"சுவர்லதான். அங்க பாரு, மேல ஒரு இடத்துல முகம் விழுந்து போச்சு. சுவர் விழலையே. இந்தக் கல்லு எதுவும் பாரம் தாங்கலம்மா."

அங்கிருந்துதான் எனக்கு அந்தக் கட்டடம் புரியத் தொடங்கியது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவின் யுகடான் மாநிலத்தில், மெரிடா நகரிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது கபா. இன்றைய நெடுஞ்சாலை பழைய ஊரின் நடுவே போகிறது. சாலைக்கு ஒரு பக்கம் அரண்மனைகள், மறுபக்கம் தனியாக ஒரு வளைவு வாசல். அந்த வளைவிலிருந்து உஷ்மால் என்ற பெரிய நகரத்துக்கு 18 கிலோமீட்டருக்குக் கல் பரப்பிய வெள்ளைப் பாதை ஒன்று இருந்தது. உஷ்மால், கபா, சயில், லப்னா ஆகிய நான்கையும் சேர்த்து யுனெஸ்கோ 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த வட்டாரத்துக்குப் பூக் என்று பெயர். இந்த நகரங்களைக் கட்டிய மாயா மக்களின் மொழியில் குன்று என்று அர்த்தம். தட்டையான யுகடானில் கொஞ்சமாவது மேடு பள்ளம் இருக்கிற இடம் என்பதால் வந்த பெயர்.

முகச் சுவர் இருக்கும் அரண்மனையை மக்கள் கோட்ஸ் போப் என்கிறார்கள். சுருட்டிய பாய். முகங்களின் நடுவிலிருந்து துருத்திக்கொண்டு வந்து சுருண்டு நிற்கும் மூக்குகளைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். மூக்குகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஒடிந்த இடத்தில் வட்டமாக ஒரு வடு மட்டும் இருக்கிறது. மிச்சம் இருப்பவற்றைப் பார்த்தால், படுக்கையைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்த மாதிரியேதான் இருக்கின்றன.

சுவரின் நீளம் 45 மீட்டர் வாக்கில். அதில் சுமார் 250 முகங்கள். பூக் பகுதியின் மற்ற கட்டடங்களில் சுவரின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு, மேல்பாதியில் மட்டும் சிற்ப வேலையைக் குவிப்பார்கள். அந்தப் பகுதிக் கட்டடக் கலையின் அழகே அந்த வெறுமையில்தான் இருக்கிறது. கோட்ஸ் போப்பைக் கட்டியவர்கள் அந்த மரபைத் தெரிந்தே மீறியிருக்கிறார்கள். அடிப்பீடத்திலிருந்தே முகங்கள் தொடங்கிவிடுகின்றன. கண்ணுக்கு ஓய்வே கிடையாது. கட்டடக் கலை எழுத்தாளர்கள் சிலர் இதை மிகையான வேலை என்று கொஞ்சம் முகம் சுளித்து எழுதியதைப் படித்திருக்கிறேன். நேரில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஒரே வேண்டுதலை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பவர்களை மிகை என்றா சொல்வோம்?

என்ன வேண்டுதல் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அப்பா சொன்னதை முடித்துவிடுகிறேன்.

பூக் கொத்தனார்கள் சுவரைக் கட்டிய முறை இது: நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்டுக் கெட்டித்த திண்மையான உடல். நம் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் வரும் பொருள் அது. பாரம் முழுவதையும் தாங்குவது அந்த உடல்தான். அதன் மேல் தோல் மாதிரி, துல்லியமாக வெட்டித் தேய்த்த முகப்புக் கற்கள். ஒவ்வொரு முகமும் இப்படித் தனித்தனியாக வெட்டிய துண்டுகளைச் சேர்த்தது. எதிரே இருந்த ஒரு முகத்தில் அப்பா எண்ணத் தொடங்கி இருபதைத் தாண்டியதும், காதணியில் ஒரு கல்லா இரண்டு கல்லா என்று குழம்பி விட்டுவிட்டார். இதில் என்னை அசர வைத்தது, கண் என்றால் எல்லாக் கண்ணும் ஒரே அளவு, புருவம் என்றால் எல்லாப் புருவமும் ஒரே வளைவு என்பதுதான். இரும்பு உளி கிடையாது. வண்டி கிடையாது, பாரம் இழுக்க மாடு கிடையாது. கல்லால் கல்லை வெட்டி, மனிதத் தோளில் சுமந்து கொண்டுவந்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி 250 முகங்கள்.

"ஒரு ஆளு கண்ணு மட்டும் வெட்டியிருப்பான், ஒரு ஆளு பல்லு மட்டும் வெட்டியிருப்பான்," என்றார் அப்பா. "கூலி என்னன்னு தெரியல. ஆனா மேஸ்திரி ரொம்பக் கண்டிப்பான ஆளு."

இதற்குப் பல நூறு வருஷம் முந்தைய மாயா முகங்கள் வேறு மாதிரி. தெற்கே கொஹுன்லிச்சில் கோயில் படிக்கட்டின் இரு பக்கமும் ஆளை விடப் பெரிய முகங்கள் இருக்கின்றன. அவை சுதை வேலை. கல்லை அடுக்கி உருவத்தின் கூடு கட்டி, அதன் மேல் சுண்ணாம்புக் காரையை அப்பி, ஈரம் காய்வதற்குள் கையால் இழைத்தவை. அதனால் அங்கே ஒவ்வொரு முகத்துக்கும் தனி ஜாடை உண்டு. பூக்கில் அந்த ஈரக் கை இல்லை, வெட்டுக்கல்லின் கணக்கு வந்துவிட்டது. எது உயர்ந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நெருங்கி நின்று பார்த்தால் மனசு இளகுவது சுதையில்தான்.

சுண்ணாம்பைப் பற்றி அப்பாவிடம் பேசாமல் தப்ப முடியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய வீடுகளைச் செப்பனிடும்போது, நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்துப் பூசுவார்களாம். "வெறும் சுண்ணாம்பு ஆயிரம் வருஷம் நிக்காது. என்னமோ சேர்த்திருக்காங்க," என்று கபாவிலேயே சொன்னார். ஊர் திரும்பித் தேடினேன். அவர் சொன்னது சரி. ஹோண்டுராஸில் உள்ள கோபான் நகரத்தின் மாயாச் சுதைப் பூச்சை ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஊர்க் கொத்தனார்களிடம் கேட்டு, சுகும், ஹியோத்தே என்ற இரண்டு மரங்களின் பட்டையை ஊறவைத்த சாற்றைச் சுண்ணாம்பில் கலந்து பூச்சு செய்து பார்த்திருக்கிறார்கள். பழைய பூச்சில் கண்ட உறுதியும் நீரைத் தாங்கும் குணமும் புதியதிலும் வந்தன. தொலைபேசியில் படித்துக் காட்டியதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கொத்தனாரைக் கேட்டாங்க பாரு, அது நல்ல விஷயம்," என்றார் கடைசியில்.

சரி, யாருடைய முகம் இது?

எங்களோடு வந்த வழிகாட்டி, சாந்தா எலேனா என்ற பக்கத்து ஊரைச் சேர்ந்தவர். வீட்டில் மாயா மொழி பேசுகிறவர். அவரிடம் கேட்டதற்கு யோசிக்காமல் சொன்னார்: "சாக்." மழைக் கடவுள். கையில் இடிக் கோடாரி வைத்திருப்பவர், நீண்டு வளைந்த மூக்குக்காரர். நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்களும் அதையேதான் சொல்லிவந்தன. இந்த நிலத்தில் நின்று பார்த்தால் அதை நம்பாமல் இருக்கவும் முடியாது. யுகடானின் வடக்கில் நிலம் இடிந்து திறந்த இயற்கைக் கிணறுகள் உண்டு, அவற்றில் தண்ணீர் கைக்கெட்டும். பூக் குன்றுகளில் அது இல்லை. ஆறு இல்லை, ஓடை இல்லை. நிலத்தடி நீர் 60 மீட்டருக்கும் கீழே. மண் மட்டும் நல்ல மண், மக்காச்சோளம் செழிக்கும். அந்த மண்ணை நம்பி ஆயிரக்கணக்கானோர் குடியேறினார்கள். தண்ணீருக்கு வானத்தை நம்பினார்கள். பாறையைக் குடைந்து, குப்பி வடிவில் தொட்டி வெட்டி, உட்புறம் காரை பூசி, மழைக்காலத்து நீரைச் சேர்த்தார்கள். சுல்துன் என்று பெயர். ஒன்றில் சுமார் 30,000 லிட்டர் பிடிக்கும். ஒரு குடும்பம் வறண்ட மாதங்களைக் கடப்பதற்கு அது போதும். மழை ஒரு வருஷம் பொய்த்தால் போதாது.

அப்படிப்பட்ட ஊரில் சுவர் முழுக்க மழைக் கடவுள் இருப்பதில் என்ன அதிசயம்?

ஆனால் கதை அவ்வளவு நேரானது இல்லை. கோபானில் 22-ஆம் எண் கோயில் என்ற கட்டடத்தின் மூலைகளில் இதே மாதிரி முகங்கள் உண்டு. மாயா எழுத்துகளை வாசிப்பதில் பெயர்பெற்ற டேவிட் ஸ்டூவர்ட் 1980-களில் ஒரு எழுத்தை 'விட்ஸ்' என்று வாசித்தார். விட்ஸ் என்றால் மலை. கண்ணும் வாயும் கொண்ட உயிருள்ள மலையை மாயாச் சிற்பிகள் எப்படிச் செதுக்கினார்கள் என்பது அதன் பிறகு தெளிவானது. கோபான் மூலைகளில் இருந்த முகங்கள் மலை முகங்கள்! அப்படியானால் வடக்கே பூக்கில் இருப்பவை? கார்ல் டாபே என்ற ஆய்வாளர் 2004-இல் எழுதிய கட்டுரையில், இந்த நீள்மூக்கு முகங்களின் நெற்றிப் பட்டையில் பூ இருப்பதைக் காட்டி, இவை பூமலையின் முகங்கள் என்று வாதிட்டார். பூமலை என்பது முன்னோர்கள் வாழும், சூரியன் எழும், பறவையும் பூவும் நிறைந்த மாயாச் சொர்க்கம்.

இன்று ஆய்வாளர்களில் பலர் மலை பக்கம்தான் சாய்கிறார்கள். முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மழைக் கதை கையை விட்டுப் போகிறதே என்று. போகப் போகத்தான், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம் என்று தோன்ற ஆரம்பித்தது. மாயா மக்களுக்கு மலை என்பது குகை உள்ள மலை. குகை மலையின் வாய். மேகமும் மின்னலும் மழையும் அந்த வாயிலிருந்துதான் கிளம்புகின்றன. சாக் வசிப்பது அங்கேதான். உஷ்மாலில் சூனியக்காரன் பிரமிடு என்று அழைக்கப்படும் உயரமான கோயிலின் மேற்குப் பக்கம், செங்குத்தான படிக்கட்டின் மேல், ஒரு வாசல் அப்படியே பிளந்த வாயாக இருக்கிறது. வாசலைச் சுற்றிப் பல், கண். உள்ளே போகிறவர் மலைக்குள் போகிறார். கோட்ஸ் போப்பின் முகங்கள் மலை என்றால், அந்த அரண்மனையே மழையை வயிற்றில் வைத்திருக்கும் மலை. வழிகாட்டி சொன்ன பதிலும் புத்தகம் சொன்ன பதிலும் எனக்கு அங்கே ஒன்றாகிவிட்டன.

இதை முகமூடி என்று எழுதுவதில் எனக்குள்ள சங்கடமும் அதுதான். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழிலும் முகமூடி என்றே எழுதிவருகிறோம். மூடினால் அடியில் வேறு முகம் இருக்க வேண்டும். இந்தச் சுவருக்கு அடியில் வேறு முகம் கிடையாது. அதனால் இந்தக் கட்டுரையில் முகம் என்றே எழுதுகிறேன்.

வழிகாட்டி இன்னொன்று சொன்னார். அவருடைய சிறுவயதில் மழை தாமதித்தால் தன் அப்பாவும் ஊர்க்காரர்களும் காட்டில் பந்தலிட்டு சா சாக் என்ற சடங்கைச் செய்வார்களாம். நான்கு திசைக்கும் நான்கு சாக்: கிழக்குக்குச் சிவப்பு, வடக்குக்கு வெள்ளை, மேற்குக்குக் கறுப்பு, தெற்குக்கு மஞ்சள். மக்காச்சோள ரொட்டியும் பால்சே என்ற பானமும் படைப்பார்கள். பந்தலின் நான்கு மூலையிலும் நான்கு சிறுவர்கள் குந்தியிருந்து தவளை போலக் கத்துவார்கள். "நானும் தவளையாக இருந்திருக்கிறேன்," என்று சொல்லி, தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். முகங்களுக்கு முன்னால், நடுப்பகல் வெயிலில், கிட்டத்தட்ட ஐம்பது வயது மனிதர் ஒருவர். எங்களைச் சிரிக்க வைக்க அவர் அதைச் செய்யவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை.

உஷ்மாலில் உள்ள ஆளுநர் மாளிகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கபாவின் சுவர் இடைவிடாத முணுமுணுப்பு என்றால், இது நீண்ட, நிதானமான பாட்டு. ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். கி.பி. 900 வாக்கில், சாக்கின் பெயரையே தன் பெயரில் வைத்திருந்த அரசர் ஒருவர் ஆண்டபோது கட்டியது. மேல்பாதியில் சுமார் 20,000 வெட்டுக் கற்கள், நூற்றுக்கு மேற்பட்ட முகங்கள். கீழ்ப்பாதி வெறும் சுவர். முகங்கள் நேர் வரிசையில் நிற்காமல் படிப்படியாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகின்றன. கண்ணுக்கு அடியில் சிறியதாக ஒரு குறி வெட்டியிருக்கிறார்கள், வெள்ளிக் கோளின் குறி. கீழிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது சட்டென்று தட்டுப்படாது. அமெரிக்கப் பயணி ஜான் லாயிட் ஸ்டீபன்ஸும் ஓவியர் ஃபிரடெரிக் காதர்வுட்டும் 1841-இல் இந்த மாளிகையின் அறைகளிலேயே தங்கி, காய்ச்சலில் விழுந்து எழுந்து, ஒவ்வொரு கல்லையும் வரைந்தார்கள். காதர்வுட்டின் கோடுகளில் உள்ள பொறுமையைப் பார்த்தால் அந்த மனிதரை வணங்கத் தோன்றும்.

அதே ஸ்டீபன்ஸ்தான் கபாவிலிருந்து சிற்பம் செதுக்கிய சப்போட்டா மர உத்தரம் ஒன்றைப் பெயர்த்து நியூயார்க்குக்கு அனுப்பினார். மழையும் கறையானும் அத்தனை நூற்றாண்டு விட்டுவைத்த மரம், 1842-இல் காதர்வுட்டின் காட்சிக்கூடம் தீப்பற்றியபோது சில மணி நேரத்தில் சாம்பலானது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. 1968-இல் கம்பேச்சே காட்டில் பிளாசெரெஸ் என்ற இடத்தில் ஒரு சுதை முகப்பையே அறுத்துத் துண்டு போட்டு நியூயார்க்குக்குக் கடத்தி, அங்குள்ள பெரிய அருங்காட்சியகத்துக்கு விற்கப் பார்த்தார்கள். நல்லவேளையாக அது அடுத்த வருஷமே மெக்சிகோ திரும்பியது. தலைநகரின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இன்று பார்க்கலாம். நடுவில் ஓர் இளம் முகம், உதட்டில் சிவப்பு மிச்சத்தோடு. ஆனால் அது எந்தப் படிக்கட்டைப் பார்த்து நின்றது, காலையில் எந்தப் பக்கம் வெயில் வாங்கியது என்பதெல்லாம் போனது போனதுதான். முகத்தைச் சுவரிலிருந்து எடுத்தால் அது வெறும் முகமூடி ஆகிவிடுகிறது.

கோட்ஸ் போப்பின் முகங்கள் மேற்கே பார்ப்பவை. மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து வந்ததும் சுவர் மாறிவிட்டது. அதுவரை தட்டையாக இருந்த கண்கள் ஒவ்வொன்றும் தன் நிழலில் குழிந்து, விழி வெளியே வந்தது. மிஞ்சிய மூக்குகளின் நிழல் பக்கத்து முகத்தின் பல்லில் விழுந்தது. நான் ஒரு மணி நேரம் நின்றேன். வாசல் ஒன்றின் உள்ளே, பின்னறைக்கு ஏறும் படியும் ஒரு முகம்தான். சுருண்ட மூக்கின் மேல் கால் வைத்துத்தான் உள்ளே ஏறியிருப்பார்கள். மலை தன் மூக்கை நீட்டி ஆளை ஏற்றிக்கொள்கிறது.

இத்தனை முகங்களைக் கட்டிய காலத்தில் மழை எப்படி இருந்தது? யுகடான் தீபகற்பத்தின் சிச்சான்கனாப் ஏரியின் அடிச் சேற்றைத் துளைத்து எடுத்து ஆராய்ந்தவர்கள் 1995-இல் வெளியிட்ட முடிவின்படி, கி.பி. 800-க்கும் 1000-க்கும் இடையில் அங்கே கடும் வறட்சி. பூக் நகரங்கள் உச்சத்தில் இருந்ததும் அந்தக் காலத்திலேயே, காலியானதும் அதே காலத்தின் முடிவில். வறட்சி மட்டுமே காரணம் என்று யாரும் சொல்வதில்லை. போர், மண் களைப்பு, வணிகப் பாதை மாற்றம் எல்லாம் உண்டு. ஆனாலும் கண் வெட்டியவரும் பல் வெட்டியவரும் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சுவருக்கு எதிரே, மேடையிலேயே ஒரு சுல்துன் இருக்கிறது. வாயில் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கல் பாவிய தரை. கிளம்பும் நேரத்தில் அப்பாவைக் காணவில்லை என்று திரும்பினால், அதன் ஓரத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சமாகச் சாய்த்துத் தரையில் விட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"வாட்டம் பாக்கறேன்."

மொட்டை மாடி தளம் போட்டு முடித்ததும் அவர் எப்போதும் செய்வது இது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். இங்கே பாதித் தண்ணீரைக் கல் இடுக்குகள் குடித்துவிட்டன. மீதி ஒரு கணம் தேங்கி நின்று, விரல் அகலத்துக்கு ஒரு கோடாகி, மெதுவாகத் தொட்டியின் வாயைப் பார்த்து நகர்ந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து, அது வலையின் விளிம்பைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.